கிடங்குக் கடையா, எழும்பூர் எக்ஸ்போர்ட் சரக்கா, கோடவுன் தெருத் துணியா? ஆண்கள் உடுப்பு குறித்து ஓர் ஒப்பீடு

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஏற்பாடு முடிந்து, வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, போட்டுக்கொண்டு போகும்படியான சட்டைகள் என்னிடம் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருந்தன. ஒரு வாரத்துக்கான சட்டை, பேண்ட்டுகளை வரம்புக்குட்பட்ட தொகையில் ஒரே சமயத்தில் வாங்க வேண்டியிருந்ததால், சென்னையில் மலிவாகக் கிடைக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க நேர்ந்தது. பெருஞ்சாலையோரங்களில் கல்யாண மண்டபம் அளவுக்குத் தகரக் கூரை போட்டு நடத்தப்படும் கிடங்குக் கடையைத்தான் சட்டைக்காக நான் தேர்ந்தெடுத்தேன் என்பதையும், இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தியாகராய நகரின் பல மாடிக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே எல்லாம் கிடைக்கும், கூட்டமும் கிடைக்கும். ஆடித் தள்ளுபடியில் விலை குறைகிறதே தவிர, நிதானமாக நின்று தையலைப் பார்க்க இடம் இருப்பதில்லை. எனவே போட்டியில் எஞ்சியவை கிடங்குக் கடை, எழும்பூரின் ஏற்றுமதி உபரிக் கடைகள், கோடவுன் தெருவில் துணி வாங்கித் தைத்துக்கொள்வது ஆகிய மூன்றும்தான்.

எழும்பூர் அல்சா மாலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள உபரிக் கடைகளின் கவர்ச்சி புரிந்துகொள்ளக் கூடியதே. ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் ஆலைகள், தையலில் சில பழுதாகும் என்ற கணக்கில் கேட்ட எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாகவே துணியை வெட்டுகின்றன. பழுது குறைந்தால் அந்தக் கூடுதல் பீஸ்கள் உள்ளூர்ச் சந்தைக்கு வருகின்றன. அவை உண்மையிலேயே நல்ல சரக்கு. ஆனால், அதே அலமாரியில், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் நிராகரித்த லாட்டுகளும், அதாவது மொத்தமாகத் திருப்பப்பட்ட சரக்கும் இருக்கும். கப்பல் ஏறத் தாமதமானதால் நின்றுபோன லாட் என்றால் நமக்கு லாபம். அளவு பிசகியதால் திருப்பப்பட்ட லாட் என்றால் காலர் பட்டையில் எந்த எண் இருந்தாலும் அதை நம்ப முடியாது. எது எந்தக் காரணத்தால் வந்தது என்று கடைக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது. மேலும், வெளிநாட்டார் உடல்வாகுக்கு வெட்டப்பட்டவை என்பதால், மார்புக்குச் சரியாக இருக்கும் சட்டையில் கை மட்டும் விரல் நுனி வரை இறங்கும்.

கோடவுன் தெரு வேறு உலகம். என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய இந்தத் தெருவில் மொத்த வியாபாரமே பிரதானம் என்றாலும், சட்டை பிட்டு, பேண்ட் பிட்டு என்று ஒரு உடுப்புக்கான துணியை மட்டும் வெட்டிச் சில்லறையாகக் கொடுக்கும் கடைகளும் உண்டு. 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டரும் பேண்ட்டுக்கு 1.20 முதல் 1.30 மீட்டரும் நடுத்தர உடம்புக்குப் போதும். துணியை முதலில் நனைத்து உலர்த்திவிட்டுத் தையற்காரரிடம் கொடுத்தால், சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும் என்பது இந்த வழியின் மறுக்க முடியாத பலம். பலவீனம் கூலிதான். துணியின் விலையோடு தையற்கூலியையும் சேர்த்தால், ஒரு சட்டைக்கு ஆகும் தொகையில் கிடங்குக் கடையில் ஏறக்குறைய இரண்டு சட்டைகள் வந்துவிடுகின்றன. தீபாவளி நெருங்கினால் தையற்காரர் சொல்லும் தேதியைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

விலையை மட்டும் பார்த்தால் உபரிக் கடையும் கிடங்குக் கடையும் ஏறத்தாழச் சமம். நான் கிடங்குக் கடையின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், வாங்கிய சட்டையைத் துவைத்துப் பார்த்த பிறகு அதே சட்டையை மறுபடியும் வாங்க முடிகிறது என்பதுதான். மலிவுச் சட்டையின் தரம் கடை வெளிச்சத்தில் தெரிவதில்லை. சென்னையின் வியர்வையும், போர்வெல் தண்ணீரும், மொட்டை மாடி வெயிலும், இஸ்திரிப் பெட்டியின் சூடும் பட்ட பிறகே தெரிகிறது. உபரிக் கடையில் ஒரு சட்டை அருமையாக உழைக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போனால், “அந்த லாட் முடிஞ்சிருச்சு சார், இதைப் பாருங்க” என்று வேறொன்றை எடுத்துப் போடுவார்கள். கிடங்குக் கடையிலோ ஒரே மாடல், ஒவ்வொரு சைஸிலும் அடுக்கடுக்காகத் தொங்குகிறது. சில வாரங்களுக்காவது அங்கேயே இருக்கிறது.

ஆகவே நான் முதலில் ஒரே ஒரு சட்டையை மட்டும் வாங்கி, விலைச்சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டேன். மாடல் எண் அதில்தான் இருக்கிறது. துவைப்பதற்கு முன் காலரை மேசைமேல் விரித்துப் பொத்தானின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கக் காஜாவின் முனை வரை அளந்து, முதுகின் நீளத்தையும் கை நீளத்தையும் குறித்துக்கொண்டேன். பிறகு வீட்டில் மற்ற துணிகள் படும் பாட்டையே அதுவும் படட்டும் என்று விட்டேன். 40 சென்டிமீட்டர் காலர் மூன்று சதவீதம் சுருங்கினால் 1.2 சென்டிமீட்டர் போய்விடும். மேல் பொத்தான் போட முடியாமல் போக அதுவே போதும். அரை சென்டிமீட்டருக்குள் நின்றால் அந்த மாடலை நம்பலாம் என்பது நான் வைத்துக்கொண்ட வரம்பு.

அளவைவிட முக்கியமானது காலரின் மேற்பரப்பு. மலிவுச் சட்டைகளில் காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸ் தைக்கப்படுவதில்லை. பிசின் தடவி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டப்படுகிறது. ஒட்டும்போது சூடோ அழுத்தமோ குறைந்திருந்தால், சில சலவைகளுக்குப் பிறகு துணி தனியாகவும் கேன்வாஸ் தனியாகவும் பிரிந்து, காலரில் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பும். இஸ்திரி போடுபவர் எவ்வளவு தேய்த்தாலும் அவை அமராது. அந்தச் சட்டையை அலுவலகத்துக்குப் போட முடியாது. வீட்டில் போட்டுக்கொள்ள அது பழசும் ஆகியிருக்காது. புதிதாக இருக்கும்போதே காலர் முனையை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் இரண்டு அடுக்கும் தனித்தனியே நகர்கிறதா என்று ஓரளவு உணரலாம். ஆனாலும், துவைத்துப் பார்ப்பதற்கு அது ஈடாகாது. என் சோதனைச் சட்டை இதில் தேறிய பிறகே, அதே மாடலில் மற்ற நிறங்களை வாங்கினேன். நிறம் மாறும்போது சாயமும் மாறுகிறது என்பதால், அடர்நீலத்தை மட்டும் முதல் முறை தனியாக ஊறவைத்தேன்; தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறியது.

கிடங்குக் கடையில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்களின் ஃபார்மல் சட்டையில் 40 என்பது கழுத்தளவு, அதுவும் சென்டிமீட்டரில். உள்ளூர்த் தயாரிப்புகள் பலவற்றில் அதே 40 மார்பளவு, அங்குலத்தில். கிடங்கில் இரண்டு வகையும் ஒரே கம்பியில் தொங்கும். டிரையல் ரூமில் வரிசை நீளமாக இருக்கிறது என்று எண்ணை மட்டும் பார்த்து எடுத்து வருவது பணத்தை வீணாக்கும் வேலை. துணியும் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்ததாகவே இருக்கும். கலப்புத் துணி அதிகம் சுருங்காது, கசங்காது. ஆனால், மே மாதத்து மின்சார ரயிலில் அதன் அருமை தெரிந்துவிடும். முழுப் பருத்தி வேண்டுமென்றால் உள்பக்கச் சீட்டைப் படித்துப் பொறுக்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

பேண்ட் விஷயத்தில் என் சாய்வு அவ்வளவு உறுதியானதல்ல. கிடங்குக் கடைப் பேண்ட்டுகளில் நான் புரட்டிப் பார்த்தவற்றில், பின் இடுப்பின் நடுத்தையலுக்குள் விடப்பட்டிருந்த துணி மிகக் குறைவு. இடுப்பு ஓர் அங்குலம் பெருத்தாலும் பிரித்துவிட வழியில்லை. சொல்லித் தைத்தால் தையற்காரர் உள்ளே தாராளமாகத் துணி விடுவார். ஆகவே, பேண்ட்டுக்கு மட்டும் கோடவுன் தெருப் பிட்டுகளையே எடுத்துத் தைத்துக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்; இடுப்பளவு மாறாத இளைஞர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஜீன்ஸ் நான் அதிகம் அணிவதில்லை என்பதால் அதில் என் தீர்ப்புக்கு மதிப்பில்லை. டி-சட்டையைப் பொறுத்தவரை எழும்பூர் உபரிக் கடைகளுக்கே என் ஓட்டு: திருப்பூர் ஏற்றுமதிப் பின்னலாடையின் கனமும் மென்மையும் அதே விலைக் கிடங்குச் சரக்கில் எனக்குக் கிடைக்கவில்லை, டி-சட்டையில் ஒன்றைப் போலவே இன்னொன்று கிடைக்காவிட்டாலும் குறையொன்றுமில்லை. கிடங்குக் கடைக்குப் போவதானால் வேலை நாளின் காலை வேளைதான் தோதானது. அப்போதுதான் சட்டையை உள்புறம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் தையலைப் பார்த்துக்கொண்டு நிற்க விடுவார்கள்.