ஸ்னோமொபைல் (பனியில ஓட்டுற வண்டி) கைப்பிடிய சூடாக்குற கிரிப் ஹீட்டர் கிட், மூணு வாரம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

கனடாவுல ஹாலிபர்ட்டன் ஊர் பக்கம் மைனஸ் 22 டிகிரில ஓட்டுறப்ப இடது கிரிப் மட்டும் ஐஸ் மாதிரி ஆயிடுச்சு, வெரல் மரத்துப்போய் பிரேக் புடிக்கவே பயமா இருந்துச்சு. ரெண்டும் சுடலன்னா மொதல்ல ஃபியூஸ், சுவிட்ச் பாருங்க, ஒண்ணு மட்டும்னா பெரும்பாலும் அந்தப் பக்க எலிமெண்ட் (உள்ள இருக்குற சூடாக்குற பட்டை) இல்லன்னா வயர்தான் காரணம். மல்டிமீட்டர் வச்சா ஓபன்னு, அதாவது கரண்ட் போற வழி அறுந்திருக்குன்னு காட்டுது, கிரிப்ப அறுத்துப் பாத்தா உள்ள எலிமெண்ட் ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல்.

இந்த ஒட்டுற கிட் வாங்கிப் போட்டேன், நல்லா சுடுது, பத்து நிமிஷத்துல கையுறைக்குள்ள தெரியுது. ஆனா வயர் ரொம்பக் குட்டை, ஹேண்டில்பார முழுசா ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, கொஞ்சம் லூஸ் விட்டுக் கட்டுங்க. எலிமெண்டுக்கு அடியில ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கி இறுகுற பிளாஸ்டிக் குழாய்) கண்டிப்பா போடணும், இல்லன்னா சூடெல்லாம் ஹேண்டில்பாரே உறிஞ்சிடும்.