நோயுற்ற பச்சோந்தி: வீட்டில் தேற்றுவதா, கீழே இறக்குவதா, கண்ட இடத்திலேயே விடுவதா?

மலையகத்தில் நோயுற்ற பச்சோந்தி ஒன்று கையில் கிடைத்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டில் கூண்டு கட்டித் தேறும் வரை பார்த்துக்கொள்ளலாம். மலையிலிருந்து கீழே இறக்கி, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ, பேராதனைக் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலையிலோ சேர்ப்பிக்கலாம். கண்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு செடியில் விட்டுவிடலாம். எங்கள் தெரிவு இரண்டாவது. முதல் வழியை ஓரிரு நாள் முதலுதவியாக மட்டும் ஏற்கிறோம். மூன்றாவது வழி ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மற்ற இரண்டையும் வெல்லும். அந்தச் சந்தர்ப்பத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் பலர் இடறுவது அங்கேதான்.

உண்மையான பச்சோந்தி நம் மலைக்குரிய பிராணி அல்ல. இலங்கையில் அது புத்தளம், வில்பத்து, மன்னார், யாழ்ப்பாணம் போன்ற வறண்ட தாழ்நிலங்களில் வாழ்வது. நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ காணப்பட்டால், வைக்கோல், விறகு, காய்கறி ஏற்றிவந்த லொறியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், அல்லது யாரோ பிடித்துக்கொண்டு வந்து கைவிட்டிருக்கலாம். அடையாளம் காண்பது சுலபம். விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி இடுக்கிபோல் இருக்கும். கண்கள் கூம்பாகப் புடைத்து, ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகத் தனித்தனியே சுழலும். வால் சுருண்டு கிளையைப் பற்றும்.

வாலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகளில் பாசி மூடிய கிளைகளில் மெதுவாக ஊரும் குள்ள ஓணானுக்கும் பற்றும் வால் உண்டு. நிறமும் நடையும்கூடப் பச்சோந்தியை நினைவூட்டும். ஆனால் விரல்கள் சாதாரண ஓணானுடையவைபோல் ஐந்தும் பிரிந்தே இருக்கும். மூக்கு நுனியில் கொம்பு இருந்தால் அது கொம்பு ஓணான். பச்சை உடலும் கறுத்த கன்னமும் என்றால் கருங்கன்ன ஓணான். இம்மூன்றும் இலங்கையில் மட்டுமே வாழும் இனங்கள், குளிர் மலைக்கே பிறந்தவை. குளிர்ந்த காலையில் இவை பாதையோரத்தில் அசையாமல் கிடப்பது நோயால் அல்ல. உடம்பில் இன்னும் சூடேறவில்லை, அவ்வளவுதான். காயம் இல்லை, கண்கள் குழி விழவில்லை என்றால், காலடி படாத ஒரு புதரில், எடுத்த இடத்திலிருந்து சில மீற்றருக்குள் வைத்துவிட்டு, வெயில் வரும் வரை தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலும் தானாக ஏறிப் போய்விடும். இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மின்குமிழின் கீழ் வைப்பதுதான் ஆபத்து. பச்சோந்திக்கு உயிர் தரும் 30 பாகை செல்சியஸ் சூடு குள்ள ஓணானைக் கொன்றுவிடக்கூடும். 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் எனும் உயிரின வர்த்தக உடன்படிக்கையின் மாநாட்டில் குள்ள ஓணான்களும் கொம்பு ஓணான்களும் பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அத்தனை அரிய உயிர் தவறான அன்பினால் சாகக் கூடாது.

ஆகவே மலை ஓணானுக்கு மூன்றாவது வழி. பூனை கடித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு: பல் பதிந்த இடம் சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் பூனையின் எச்சிலிலுள்ள கிருமி உள்ளே பரவிவிடும். அன்றைக்கே அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இனி, கையில் இருப்பது பச்சோந்திதான் என்று வைத்துக்கொள்வோம். அதை மலையில் ஒரு செடியில் விடுவது தாமதமான கொலை. அதற்கு மேல் அந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மிஞ்சுவது வீடா, கீழ்நாடா என்ற கேள்வி. உணவு, கூண்டு, மருந்து என்று எத்தனையோ சொல்லலாம்; தீர்மானிப்பது ஒன்றுதான், வெப்பம்.

ஊர்வனவற்றின் உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. பச்சோந்திக்குப் பகலில் சுற்றுச்சூழல் 24 முதல் 28 பாகை வரையும், குளிர்காயும் கிளையில் 30 முதல் 32 பாகை வரையும் வேண்டும். இரவில் 20 பாகையை ஒட்டி இறங்கினால் தாங்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 16 பாகை; ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். இந்தக் குளிரில் வயிற்றிலுள்ள பூச்சி செரிக்காமல் அழுகும். நோய் எதிர்ப்பு மந்தமாகும். ஊசி போட்ட மருந்துகூட உடம்பில் சரியாகப் பரவாது. மருத்துவர் கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் பல இடங்களில், மருந்து சரி, கூண்டின் சூடுதான் பிழை. ஈரக் குளிர் இன்னும் மோசம். பனிமூட்டம் அறைக்குள் வந்து நிற்கும் வீட்டில் நுரையீரல் தொற்று சீக்கிரம் வரும். வாயைத் திறந்தபடி தலையை மேலே தூக்கி மூச்சு வாங்குவதும், வாயோரம் குமிழி கட்டுவதும் அதன் அடையாளங்கள்.

இந்தச் சூட்டை வீட்டில் உண்டாக்க முடியாதா? முடியும், ஆனால் கணக்கைப் பாருங்கள். 60 வோட் இழைக் குமிழ் நாளுக்குப் பத்து மணித்தியாலம் எரிந்தால் 0.6 அலகு, மாதத்துக்கு 18 அலகு. அது குளிர்காயும் கிளையை மட்டும் சூடாக்கும். அறை 14 பாகையில் இருந்தால் வலைக்கூண்டில் சூடு நிற்காது. அறையையே சூடாக்க 1,000 வோட் ஹீட்டர் பன்னிரண்டு மணித்தியாலம் தொடர்ந்து ஓடினால் நாளுக்கு 12 அலகு. மின்வெட்டு வந்தால் ஒரே இரவில் எல்லாம் வீண். இப்போது கடைகளில் கிடைக்கும் எல்ஈடி குமிழ் சூடு தராது. இழைக் குமிழைத் தேடித்தான் வாங்க வேண்டும். லயன் வீட்டு அடுப்படி கதகதப்பாக இருக்கிறதே என்று கூண்டை அங்கே வைப்பவர்கள் உண்டு. விறகுப் புகை அதன் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. மரக்கறித் தோட்டத்துப் பொலித்தீன் கூடாரமும் உதவாது. நண்பகலில் அடுப்பாகக் கொதிக்கும், இரவில் வெளிக்குளிரே உள்ளேயும் இருக்கும்.

சூட்டோடு சேர்ந்தது வெயில். வெயிலிலுள்ள யூவீபி எனும் புறஊதாக் கதிர் தோலில் படாவிட்டால் உணவிலுள்ள கல்சியம் எலும்பில் சேராது. தாடை ரப்பர்போல் வளையும், முழங்கால் வளையும், பிடி தளரும். யன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லை. மீன்தொட்டிக் கடை விளக்கு அதைத் தராது. ஊர்வனவற்றுக்கென்று செய்த யூவீபி குழல்விளக்குத்தான் வேண்டும். 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைத்து, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும், ஒளி தெரிந்தாலும் கதிர் குறைந்துவிடும். மாதக்கணக்கில் மூட்டம் போட்டிருக்கும் ஊரில் இதற்கு மாற்று இல்லை.

ஆக, வீட்டில் வைத்துத் தேற்றுவது பதுளை, கண்டி உயரத்தில் ஓரளவுக்கு நடக்கக்கூடியது. ஹட்டனுக்கு மேலே அது பிராணியோடு நாம் ஆடும் சூதாட்டம். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர், பதுளை 700 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, கம்பளை வழியாகப் பேராதனைக்கு இறங்கும் பயணமே அதற்குச் சிகிச்சையின் முதல் பகுதி என்று சொல்லலாம்.

சட்டமும் இந்தப் பக்கமே. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி பச்சோந்தியை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். கிடைத்த அன்றே திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லிவிட்டால், முதலுதவிக்கு வைத்திருப்பதில் சங்கடம் குறையும். பேராதனைக்குக் கொண்டுபோவதானாலும் முன்கூட்டியே அழைத்து, ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த இடம், நாள், அது வந்திருக்கக்கூடிய லொறியின் ஊர் ஆகியவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள்.

ஒப்படைக்கும் வரையுள்ள ஓரிரு நாளில் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு: சூடு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் உணவு. வரிசை மாறினால் நல்ல எண்ணமே கெடுதலாகும். குளிர்ந்த வயிற்றில் பூச்சியைத் திணித்தால் அது அங்கேயே கெட்டுப்போகும்.

காற்றுத் துளையிட்ட ரெஜிபோம் பெட்டியில், பென்சில் பருமனுள்ள ஒரு கிளையைக் குறுக்கே அசையாமல் பொருத்துங்கள். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத பச்சோந்தி கலங்கிக் கறுத்துவிடும். சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், சூடு கூடினால் அது மறுபக்கம் நகர இடம் வேண்டும். கிளை உயரத்தில் வெப்பமானி 25 பாகை காட்டினால் போதும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போத்தலை மாற்றுங்கள். மின்குமிழ் பயன்படுத்தினால் கூரைவலையிலிருந்து 20 செ.மீ. மேலே இருக்கட்டும். வலையைப் பற்றிக்கொண்டு குமிழுக்கு நேர் கீழே நின்று முதுகு வெந்துபோவது அடிக்கடி நடப்பது.

உடம்பு கதகதப்பானதும் தண்ணீர். பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். யோகட் கோப்பையின் அடியில் ஊசியால் ஒரு துளையிட்டு, வெதுவெதுப்பான நீரை இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு துளி வீதம் பூச்சிமருந்து படாத இலையில் விழவிடுங்கள். குடிக்கத் தொடங்கச் சில நிமிடம் ஆகும், பொறுமையாக இருங்கள். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் புகுந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். வெள்ளையாக இருக்க வேண்டிய சிறுநீர்க் கட்டி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ வந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. பகலில் கண்ணை மூடியே இருந்தால் அது தூக்கம் அல்ல, கடும் நோய், அன்றைக்கே கிளம்புங்கள்.

உணவைக் கண் திறந்து துளியை நக்கிய பிறகே யோசியுங்கள். இரண்டு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தை மிஞ்சாத வெட்டுக்கிளி இரண்டு மூன்று போதும். கோவா, லீக்ஸ் பாத்தியிலும் தேயிலைச் செடியிலும் பிடித்ததைத் தராதீர்கள், மருந்து குடித்த பூச்சி நடுக்கத்தைக் கொண்டுவரும். பொசுபரசு கலக்காத கல்சியத் தூளைப் பூச்சியின் மேல் இலேசாகத் தூவலாம். மனிதருக்கான மாத்திரை எதையும் நொறுக்கிக் கொடுக்க வேண்டாம்; இத்தனை சிறிய உடம்புக்குக் கண்ணளவில் அளவு போட முடியாது. சமையலறைத் தராசில் எடையைக் காலையில் ஒரே நேரத்தில் குறித்து, அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொடுங்கள். மருந்தின் அளவு அந்த எடையை வைத்துத்தான். வயிறு புடைத்து, தரைக்கு இறங்கிச் சுரண்டிக்கொண்டே இருந்தால் முட்டையுள்ள பெண். ஈரமண் நிரப்பிய வாளி இல்லாமல் அடைத்து வைத்தால் முட்டை உள்ளேயே தங்கிவிடும்.

பெட்டியை பஸ்ஸில் கொண்டுபோனால் மடியில் வையுங்கள். இயந்திர மூடியின் மேலோ யன்னல் காற்றிலோ வேண்டாம்.

தேறிய பிறகு எங்கே வாழப்போகிறது என்பதிலும் மூன்று யோசனைகள் வரும். ஆசையாகக் கேட்கும் ஒருவரிடம் கொடுப்பது சட்டப்படி சரிவராது, சூட்டுக் கணக்கும் அவர் வீட்டில் மாறப்போவதில்லை. எப்படித் தேறினாலும் விட வேண்டிய இடம் அது வந்த வறள் நிலம்தான். அதைத் தெரிந்தெடுப்பது திணைக்களத்தின் வேலை. பிடி இறுகி, தானே நாக்கை எறிந்து பூச்சி பிடித்து, எடை சில வாரம் நிலையாக நின்ற பிறகே விடலாம். எலும்பு வளைந்து கிளையேற முடியாமல் போனது காட்டில் பிழைக்காது. அது திணைக்களத்தின் பராமரிப்பிலேயே இருக்க வேண்டிவரும். எத்தனை வாரத்தில் தேறும் என்று எந்த நல்ல மருத்துவரும் வாக்குக் கொடுக்க மாட்டார்.

தலையில் உயரமான தகடு எழும்பி நிற்பதாக இருந்தால், அது வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட யெமன் நாட்டுப் பச்சோந்தியாக இருக்கலாம். அதை எங்கேயும் விடக் கூடாது. ஹவாயிலும் புளோரிடாவிலும் வளர்ப்பிலிருந்து வெளியேறிப் பெருகிய இனம் அது. அதன் சொந்த நாட்டிலேயே மலைச் சரிவுகளில் வாழ்வதால், நம் மலையில் நிலைத்துவிடும் அபாயம் உள்நாட்டுப் பச்சோந்தியைவிட அதற்கு அதிகம். சந்தேகம் இருந்தால் தலையைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து, 1992க்கு அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.