ஆக்டிவ் டைரக்டரி இணைப்புக்கு ஆள் வைத்தீர்களா? கையெழுத்துப் போடும் முன் இவற்றைத் திறந்து பாருங்கள்

அப்ளிகேஷன்களை ஓட்டும் ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் அப்ளிகேஷன் சர்வரை, நிறுவனத்தின் யூசர்களையும் குரூப்களையும் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியோடு இணைத்து, குரூப் வாரியாக அனுமதி கொடுத்துத் தர வேண்டும். ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான். ஐந்து நாளுக்குப் பில் போட்டார்கள். ஒப்படைக்கும் நாளில் ஒரே ஒரு யூசரை வைத்து லாகின் செய்து காட்டினார்கள். திரை திறந்தது, கையெழுத்தும் ஆனது. கொள்முதல் ஆர்டருக்கு ஒப்புதல் தரும் அந்தத் திரை, டொமைனில், அதாவது அந்த டைரக்டரி ஆளும் நெட்வொர்க்கில், பாஸ்வேர்டு வைத்திருக்கும் எவருக்கும் திறக்கிறது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வரவேற்பறையில் இருப்பவருக்கும் திறந்தது, பயிற்சிக்கு வந்த மாணவருக்கும் திறந்தது.

வெப்ஸ்பியரின் நிர்வாகத் திரையான கன்சோலில் அந்த அப்ளிகேஷனைத் திறந்து, ரோல்களை (அனுமதிப் பிரிவுகளை) யூசர்களுக்கும் குரூப்களுக்கும் மேப் செய்யும் பக்கத்துக்குப் போனால் விஷயம் கண்ணில் படும். ஒப்புதல் ரோலுக்கு நேராக எந்த குரூப்பின் பெயரும் இல்லை. ‘ஆல் அத்தென்டிகேட்டட் இன் அப்ளிகேஷன்ஸ் ரெல்ம்’ என்று இருந்தது. லாகின் ஆனவர் யாராக இருந்தாலும் உள்ளே விடு என்பதுதான் இதன் பொருள். குரூப் மேப்பிங் வேலை செய்யவில்லை. ஏன் என்று தேடாமல் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது கவனக்குறைவு இல்லை, ஏமாற்று. செய்தவருக்குத் தெரியாமல் அந்தத் தேர்வு அங்கே வந்து உட்காராது.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. கன்சோலில் இந்த வழியாகப் போங்கள்: குளோபல் செக்யூரிட்டியில் ஃபெடரேட்டட் ரெபாசிட்டரீஸ், அதற்குள் உங்கள் ரெபாசிட்டரி (இணைத்த டைரக்டரி), அதில் குரூப் அட்ரிபியூட் டெஃபினிஷன். ஒருவர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்று சொல்லும் மெம்பர்ஆஃப் என்ற அட்ரிபியூட்டைச் (டைரக்டரிப் பதிவில் உள்ள விவரத்தை) சரியாகத்தான் கொடுத்திருந்தார்கள். அதன் ஸ்கோப்பில் ‘ஆல்’ என்று தேர்ந்திருந்தார்கள். அங்கே ‘டைரக்ட்’ இருந்திருக்க வேண்டும்.

ஆக்டிவ் டைரக்டரியின் மெம்பர்ஆஃப், ஒருவர் நேரடியாக உறுப்பினராக இருக்கும் குரூப்களை மட்டும்தான் தரும். யூசர் கிளைக் கொள்முதல் குரூப்பில் இருக்கிறார், அந்த குரூப் ஒப்புதல் குரூப்புக்குள் இருக்கிறது என்றால், மெம்பர்ஆஃப் கிளை குரூப்போடு நின்றுவிடும். ஸ்கோப் ‘டைரக்ட்’ என்றால் சர்வர் அந்த குரூப் எதற்குள் இருக்கிறது என்று தானே மேலே மேலே ஏறித் தேடும். ‘ஆல்’ என்று சொன்னால், இந்த அட்ரிபியூட்டே எல்லாவற்றையும் தந்துவிட்டது என்று நம்பித் தேடலை நிறுத்திக்கொள்ளும். ஒப்புதல் குரூப் சர்வருக்குத் தெரியாமலே போய்விடும். ஐபிஎம்மின் சொந்த டைரக்டரி சர்வரில் உள்ள ஐபிஎம்-ஆல்குரூப்ஸ் அட்ரிபியூட்டுக்கு ‘ஆல்’ பொருந்தும், ஏனென்றால் அது நிஜமாகவே எல்லா குரூப்பையும் தரும். ஆக்டிவ் டைரக்டரிக்குப் பொருந்தாது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். எல்டாப் (டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் நெறிமுறை) தேடலில் மெம்பர் அட்ரிபியூட்டோடு 1.2.840.113556.1.4.1941 என்ற மேட்சிங் ரூலைச் சேர்த்து, அந்த யூசரின் முழு டிஎன்னை (டைரக்டரியில் அவருக்கு உள்ள முழு முகவரியை) கொடுங்கள். உள்ளடங்கிய குரூப்கள் எல்லாம் வரும். மெம்பர்ஆஃப் தரும் பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபட்டது எது என்று புரிந்துவிடும். பெரிய டைரக்டரியில் இந்தத் தேடல் கனமானது, அதனால் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் யூசர்ஸ் இந்த இரண்டு பட்டியலிலும் வராது. அது பிரைமரி குரூப், யூசர் பதிவில் 513 என்ற எண்ணாக மட்டும் இருக்கும். அதை நம்பி ரோல் கொடுத்தால் யாருக்கும் கிடைக்காது.

டைரக்டரியோடு பேச போர்ட் 3268 போட்டிருந்தார்கள். அது குளோபல் கேட்டலாக், எல்லா டொமைனின் சுருக்கப் பட்டியல். பல டொமைன் இருக்கும் இடத்தில், வேறு டொமைன் யூசர்கள் தங்கள் டொமைனில் இருக்கும் எல்லா குரூப்பும் அதில் தெரியாது. ஒரே டொமைன் என்றால் அதற்குத் தேவையே இல்லை. பாதுகாப்பான இணைப்புக்கான போர்ட் 636-ஐப் போட்டு, டைரக்டரி சர்வரின் சான்றிதழை வெப்ஸ்பியர் நம்பும் சான்றிதழ்கள் இருக்கும் டிரஸ்ட் ஸ்டோரில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இதைவிட மோசமானது பைண்ட் அக்கவுண்ட், அதாவது டைரக்டரியைப் படிக்க வெப்ஸ்பியர் லாகின் செய்யும் அக்கவுண்ட். எல்லா அதிகாரமும் உள்ள டொமைன் அட்மின் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். யூசர்களையும் குரூப்களையும் படிக்கச் சாதாரண அக்கவுண்ட் ஒன்று போதும். அந்த பாஸ்வேர்டு விம்கான்ஃபிக் எக்ஸ்எம்எல் ஃபைலில், முன்னால் எக்ஸ்ஓஆர் (xor) என்ற குறியோடு உட்கார்ந்திருக்கிறது. பார்க்கப் பூட்டி வைத்ததுபோல் இருக்கும். அது என்க்ரிப்ஷனே இல்லை, வெறும் எழுத்து மாற்றம்தான். அந்த ஃபைலைப் படிக்க முடிந்த எவரும் ஒரு நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் இல்லாத 3268-இல், பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் சிம்பிள் பைண்ட் என்பதால், அதே பாஸ்வேர்டு நெட்வொர்க்கிலும் வெறும் எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்கோப்பைத் திருத்திய பிறகு சேவ் செய்து, எல்லா நோடுக்கும் (சர்வர்கள் ஓடும் ஒவ்வொரு கணினிக்கும்) சின்க் செய்து, டிப்ளாய்மென்ட் மேனேஜர், நோட் ஏஜென்ட், சர்வர் மூன்றையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்த நோட் பழைய அமைப்பிலேயே ஓடும். லாகின் விவரத்தைத் தற்காலிகமாக நினைவில் வைத்திருக்கும் அத்தென்டிகேஷன் கேஷ் வழக்கமாக 10 நிமிடம், டைரக்டரிக்குத் தனி கேஷும் உண்டு. குரூப்பிலிருந்து ஒருவரை நீக்கிய கையோடு சோதித்தால் பழைய பதில்தான் வரும்.

ஒப்படைக்கும் நாளில் மூன்று யூசர் கேளுங்கள். நேரடி உறுப்பினர் ஒருவர், இரண்டு அடுக்கு உள்ளே இருப்பவர் ஒருவர், எந்த குரூப்பிலும் இல்லாதவர் ஒருவர். மூன்றாமவருக்கு 403, அதாவது அனுமதி இல்லை என்ற பதில், வர வேண்டும். இவர்கள் காட்டிய ஒரே டெமோவில் இந்த மூன்றாமவர் இல்லை.

இதே கதி உங்களுக்கும் நேர்ந்திருந்தால், பாஸ்வேர்டு மாற்றும் வரிசையில் கவனம் வேண்டும். முதலில் புதிய சாதாரண அக்கவுண்டை சர்வரில் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, லாகின் ஆகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே டொமைன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். முன்பே மாற்றினால் சர்வர் பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப முட்டி, லாக் ஃபைலில் பிழை எண் 49, அதோடு 52e என்று வரும்; பாஸ்வேர்டு தவறு என்று அர்த்தம். 775 என்று வந்தால் அந்த அக்கவுண்ட் பூட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.