740 யூரோ போச்சு! ஸ்பெர்லோங்காவில் வீடு எடுப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். 740 யூரோ. நம்மூர்க் கணக்கில் எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டும். தெருவில் எவனோ பர்ஸை அடித்துக்கொண்டு ஓடவில்லை. உலகம் முழுக்கப் பேர் போன ஒரு தங்குமிட முன்பதிவுத் தளத்தின் ஆப்புக்குள், அவர்களுடைய சொந்தச் செய்திப் பெட்டிக்குள்ளேயே வைத்து எடுத்துவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் தளத்தின் பெயரையும் வீட்டின் பெயரையும் இங்கே போடவில்லை. ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். அப்பா அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோம் பார்த்துவிட்டுத் தெற்கே ஸ்பெர்லோங்காவுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கடற்கரை ஊர். கீழே மணல், அதன் மேல் பாறைக் குன்று, குன்றின் மேல் வெள்ளையடித்த பழைய ஊர். மேலே முழுக்கப் படிக்கட்டும் சந்தும்தான், கார் உள்ளே நுழையாது. ஊருக்கு வெளியே கடலோரத்தில் பழைய ரோமப் பேரரசர் திபேரியஸின் மாளிகை இடிபாடும் ஒரு குகையும் இருக்கின்றன. கி.பி. 26-ல் அந்தக் குகையில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது பாறை சரிந்ததாம். மெய்க்காவல் படைத் தலைவன் செஜானஸ் தன் உடம்பை மேலே போட்டு மன்னனைக் காப்பாற்றினான் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அப்பா இதை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னவர், அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அதற்காகத்தான் இந்த ஊர்.

பழைய ஊருக்குள்ளேயே ஒரு வீடு கிடைத்தது. மொட்டை மாடி, கீழே கடல், முனையில் தோர்ரே த்ருல்யா என்கிற காவல் கோபுரம் தெரிகிறது. நல்ல மதிப்பீடுகள். இத்தாலியில் 2025 தொடக்கத்திலிருந்து இப்படி வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசு கொடுக்கும் அடையாள எண் கட்டாயம், விளம்பரத்திலும் போட்டாக வேண்டும். அந்த எண்ணும் இருந்தது. கார்டு விவரம் கொடுத்து முன்பதிவு செய்தோம், பணம் அங்கே போய்க் கொடுத்தால் போதும் என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு மூட்டு வலி. அதனால் வீட்டுக்காரம்மாவுக்கு ஆப்பிலேயே எழுதினேன்: வண்டி எதுவரை வரும், படி எவ்வளவு ஏற வேண்டும் என்று. அன்றைக்கே பதில் வந்தது, மரியாதையாக, விவரமாக. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, அதே உரையாடலில், அதே பெயரில், அதே படத்தோடு அடுத்த செய்தி. உங்கள் கார்டு சரிபார்ப்பில் தேறவில்லை, 24 மணி நேரத்துக்குள் முழுத் தொகையான 740 யூரோவை இந்தக் கணக்குக்கு அனுப்பாவிட்டால் முன்பதிவு தானாக ரத்தாகிவிடும். எங்கள் பெயர், வரும் தேதி, எத்தனை பேர் என்று எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியை மட்டும் கேளுங்கள். "அப்பாவின் மூட்டு வலி நினைவிருக்கிறது, படி குறைவான வழியில் நாங்களே அழைத்துப் போகிறோம்." இதைப் படித்துவிட்டு யாருக்குச் சந்தேகம் வரும்? என் பழைய செய்தியைத் திறந்து படித்து, என் அப்பாவின் வலியை எடுத்து, அதையே எனக்குத் தூண்டிலாகப் போட்டிருக்கிறான்!

"கணக்கு வேற நாட்டுல இருக்கேப்பா?" என்றார் என் கணவர். ஐபான் என்கிற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் காட்டும், இது லிதுவேனியாவுடையது. அதையும் அதே சாட்டில் கேட்டோம். எங்கள் கணக்கு வழக்கைப் பார்க்கும் நிறுவனம் இணைய வங்கியில் கணக்கு வைத்திருக்கிறது என்று உடனே பதில், கூடவே கணக்குப் பெயர். வங்கி ஆப்பில் பெயரும் எண்ணும் பொருந்துகிறது என்று பச்சை டிக் விழுந்தது. அனுப்பினோம். 740 யூரோ சில நொடிகளில் போய்விட்டது. நன்றி சொல்லிப் பதிலும் வந்தது.

ரோம் தெர்மினியில் ரயில் ஏறினால் ஃபோந்தி-ஸ்பெர்லோங்கா நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து வண்டி பிடித்து, குன்றுக்கு மேலே இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக நடந்து வீட்டு வாசலுக்குப் போய் நின்றால், வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து சிரித்தார், பாஸ்போர்ட் வாங்கினார், பிறகு 740 யூரோ கேட்டார். நான் ஃபோனைக் காட்டினேன். அந்த அம்மாவின் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. "உங்களுக்கும் வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

உங்களுக்கும்! அவருடைய கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டது அவருக்கு முன்பே தெரியும். எங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் இதே செய்தி போயிருக்கிறது. தளத்துக்குத் தெரிவித்தாராம், பாஸ்வேர்டை மாற்றினாராம், அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தாராம். எங்களுக்கு ஒரு வரி எழுத மட்டும் தோன்றவில்லை. கையில் எங்கள் ஃபோன் நம்பர் இருந்தது. ஒரு கால் பண்ணியிருந்தால் போதும்.

சீசன் நேரம். ஊரில் வேறு அறை கிடைக்கவில்லை. அப்பா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் இன்னொரு 740 யூரோவை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம், ஊராட்சி வசூலிக்கும் தங்கல் வரி தனி. "முக்கால் பவுன் காசுடி" என்று அம்மா ராத்திரி முழுக்கப் புலம்பினார். "விடும்மா, போனது போகட்டும்" என்றார் அப்பா. என்னால் விட முடியவில்லை.

தளத்தின் உதவி எண்ணில் பேசிய பெண் முதலில் மிகவும் வருந்தினார், ரசீது கேட்டார், அனுப்பினேன். பிறகு வேறொருவர், பணம் எங்கள் வழியாக வரவில்லை, வீட்டுக்காரரிடம் பேசுங்கள் என்றார். செய்தி உங்கள் ஆப்பில் தானே வந்தது என்றால், அதற்கு நேரான பதிலே கிடையாது, பாதுகாப்புக் குறிப்புகள் என்று ஒரு லிங்க் வரும். வீட்டுக்காரம்மா, தளத்திடம் கேளுங்கள் என்றார். வங்கியோ, பரிமாற்றத்துக்கு நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்றது. திரும்பப் பெறும் விண்ணப்பம் போட்டோம், அந்தப் பக்கத்துக் கணக்கில் பணம் இல்லை என்று பதில் வந்துவிட்டது. மூன்று பேரும் எங்களைப் பந்தாக உதைத்தார்கள். முழுசாகக் காது கொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான், புகாரைப் பதிந்து முத்திரை போட்டு நகல் கொடுத்த காவலர்.

அப்பா குகையைப் பார்த்தார். பக்கத்திலேயே அருங்காட்சியகம். 1957-ல் கடலோரச் சாலை போடும்போது குகையில் ஆயிரக்கணக்கான சிலைத் துண்டுகள் கிடைத்தன. ஒற்றைக்கண் அரக்கன் பொலிஃபீமஸைக் குருடாக்கும் காட்சி, கப்பலைத் தாக்கும் கடல் அரக்கி ஸ்கில்லா என்று கிரேக்க வீரன் ஒடிசியஸ் கதையிலிருந்து பெரிய பெரிய சிலைத் தொகுதிகள். அவற்றை ரோமுக்குக் கொண்டுபோக ஊர் மக்கள் விடவில்லை, மறித்து நின்றார்கள், அதனால்தான் அருங்காட்சியகம் அங்கேயே வந்தது. அந்த ஊர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பொலிஃபீமஸ் முன்னால் அப்பா வாய் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று கேட்க வேண்டிய நான் வெளியே வெயிலில் உதவி எண்ணின் இசையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இதற்கு எந்த ரசீது காட்டி யாரிடம் பணம் கேட்பது?

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, அவசரமாகச் சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பதிவு முடிந்த பிறகு பணம் கேட்டு எந்தச் செய்தி வந்தாலும், அது ஆப்புக்குள்ளேயே வந்தாலும், அனுப்பாதீர்கள். வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பேசுங்கள். செய்தியில் இருக்கும் நம்பருக்கு வேண்டாம், வரைபடத்திலோ அவர்களுடைய சொந்த இணையதளத்திலோ தேடி எடுத்த நம்பருக்குப் போடுங்கள். 24 மணி நேரம் என்று கெடு வைத்தாலே அது திருட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு இத்தாலியில், கணக்கு வேறு நாட்டில் என்றால் என்ன விளக்கம் சொன்னாலும் நிறுத்துங்கள். பச்சை டிக்கை நம்பாதீர்கள். அவன் கொடுத்த பெயரில் அவனுடைய கணக்கு இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது, அவன் வீட்டுக்காரன் என்று சொல்லவில்லை. அரசு அடையாள எண்ணைப் பாருங்கள், ஆனால் அதுவும் போதாது, எங்கள் வீட்டின் எண் உண்மையானதுதான். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே வங்கியைக் கூப்பிடுங்கள், அந்த ஊரிலேயே போலீஸில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள்.

செய்திகளை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாங்கள் புகார் கொடுத்த பிறகு பார்த்தால், அந்த ஐபான் எண் இருந்த செய்தி எங்கள் சாட்டிலிருந்து காணாமல் போயிருந்தது. 740 யூரோவுக்கு இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் சாட்சி, என் கணவர் முன்னாடியே எடுத்து வைத்த அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்தான்.