கோத்தகிரிக் குளிரில் ஐந்து வருஷம் ஓடிய டென்ஸ் மெஷின்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு பிசியோ கிளினிக் வைத்திருக்கிறேன். டென்ஸ் என்பது தோலில் பேட் வைத்து, லேசான கரண்ட் விட்டு வலியைக் குறைக்கிற மெஷின். இரண்டு சேனல் டென்ஸ் மெஷின் ஒன்று வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்தில் இலை எடுக்கிறவர்கள். இடுப்பு, தோள்பட்டை, சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி. டென்ஸ் என்று யாரும் கேட்பதில்லை. "டாக்டரம்மா, கரண்ட் வெச்சு விடுங்க" என்பார்கள்.

பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 100 துடிப்பில் வைப்பேன். எறும்பு ஊர்வது போல இருக்கணும், தசை துடிக்கக் கூடாது. இடித்துக்கொண்ட இடத்தை நாமே தேய்த்துவிடுகிறோமே, அதே சங்கதிதான். தொடு உணர்வு நரம்புகளைக் கிளப்பிவிட்டால் தண்டுவடத்தில் வலிக்கு வாசல் குறுகும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2 முதல் 4 ஹெர்ட்ஸ், தசை லேசாகத் துடிக்கும்படி.

மேனுவலில் இல்லாதது எங்கள் ஊர்ப் பனி. முதல் ஜனவரியில் ஓர் அக்காவின் முட்டியில் பேட் ஒட்டி, கரண்டைக் கூட்டும் நாபைத் திருப்பினேன். "ஊசி குத்துதும்மா!" என்று காலை இழுத்துக்கொண்டார். மெஷினைத் திட்டினேன், தப்பு என்னுடையது. பனியில் வெடித்த காய்ந்த தோல் கரண்டைச் சீராக விடாது, விடுகிற ஒன்றிரண்டு இடத்தில் மொத்தமும் பாயும். இப்போது வெந்நீர்த் துணியால் துடைத்த பிறகுதான் பேட். ஒட்டுகிற பேடையும் விட்டுவிட்டேன். கார்பன் ரப்பர், ஜெல், சுற்றிக் கட்ட ஒரு பட்டை. ஜெல் டியூப் வெந்நீர் டம்ளரில் நிற்கும். இல்லாவிட்டால் ஜெல் பட்டதுமே அலறுவார்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் மேசையிலிருக்கும் ஐஎஃப்டி (வலிக்குக் கரண்ட் வைக்கிற இன்னொரு மெஷின்) சும்மா கிடக்கும். டென்ஸ் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். மெஷினையும் பேடையும் இணைக்கிற லீட் வயர்தான் மட்டம். பின் சேருமிடத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும், வெளியே தெரியாது. மூன்று முறை ஆகிவிட்டது. விற்றவர்களைக் கேட்டால் "கோயம்புத்தூர் கொண்டாங்க" என்கிறார்கள். ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு வைப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கு வயிற்றுப் பக்கமே போகமாட்டேன். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு அங்கே வைக்கமாட்டேன். எவ்வளவு ஏறுகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

எனக்குள்ள மனத்தாங்கல், இது வேலை செய்வதுதான். 20 நிமிஷத்தில் வலி அடங்கியதும் செருப்பைத் தேடுவார்கள். பயிற்சி செய்யச் சொன்னால், "அதான் கரண்ட் வெச்சாச்சே!" தேய்ந்த முட்டிக்குத் தொடைத் தசை பலமாகணும், அதைக் கரண்ட் செய்து தராது. அதனால் பேட் கட்டியபடியே முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்திப் பத்து எண்ணச் சொல்கிறேன்.

போன வாரம் அதே அக்கா எண்ணிக்கொண்டிருந்தார். பார்த்தால் மெஷினில் லைட் இல்லை, பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது. ஊர்கிற உணர்வு எப்படியும் சில நிமிஷத்தில் பழகி மங்கிவிடும், அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. "எட்டு... ஒம்பது..."