நாற்பது வெள்ளி டேப்பும் ஒரு வெள்ளி கிளினிக்கும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இந்தத் தடவை ஊருக்குப் போனபோது கிடைத்த சேவைகளில் எழுதத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான்: என் கெண்டைக்காலில் ஒட்டிய நீல டேப், விளையாட்டு வீரர்கள் தசைமேல் ஒட்டிக்கொள்ளும் இழுபடும் கினீசியோ டேப். ஏர்போர்ட், டாக்சி, வங்கி வேலை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

ஊர் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை. 2007 முதல் அரசாங்கப் பலகையில் பெஸ்தாரி ஜெயா. திருவிழா முடிந்த கையோடு பழைய தோட்டத்துப் பையன்களுக்கும் இப்போதைய தாமான் (வீட்டுக் குடியிருப்பு) பையன்களுக்கும் காற்பந்து ஆட்டம் என்று வாட்ஸ்அப்பில் முடிவாகியிருந்தது. ஊர் வந்த சூட்டோடு சாயங்காலம் திடலில் இறங்கினேன். இரண்டு ஓட்டம் ஓடியதுமே இடது கெண்டைக்கால் சுரீரென்று இழுத்துப் பிடித்தது. முன்பென்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் சிவப்பு மருந்தைத் தடவி, கிரேப் பேண்டேஜைச் சுற்றி, "ரெண்டு நாள் சும்மா கிடடா" என்று திட்டி அனுப்புவார். இப்போது தோட்ட ஆஸ்பத்திரியும் இல்லை, டிரெஸ்ஸரும் இல்லை. அந்த இடமெல்லாம் செம்பனை.

"டேப் போட்டா நாளைக்கே ஓடலாம் மாமா" என்று அக்கா மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பக்கத்து டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை, அதன் மூலையில் ஒரு நாற்காலி. ஒரு காலுக்கு நாற்பது வெள்ளி (ரிங்கிட்). நாற்காலிக்குப் பின்னால் இத்தாலியக் காற்பந்து வீரர் பலோத்தெல்லி படம். 2012 யூரோ அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோலைப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிச் சிலையாக நின்றாரே, அதேதான். முதுகில் நீலப் பட்டைகள். "பாத்தீங்களாண்ணே, இதே டேப்தான்" என்றார் கடைத் தம்பி. ரத்த ஓட்டம் கூடுமாம், தசைக்குப் பலம் ஏறுமாம், இழுத்துப் பிடித்தது இரண்டே நாளில் விட்டுவிடுமாம். பெர்த்தில் பிசியோ (உடற்பயிற்சி வைத்தியம் செய்பவர்) ஒரு தடவைக்கு நூறு டாலருக்குக் குறையாமல் வாங்குவார். ஆனால் டேப்பை எடுப்பதற்கு முன்னால் காலைத் தொட்டுப் பார்ப்பார். எங்கே வலிக்கிறது, எப்படி மிதித்தால் வலிக்கிறது என்று கேட்பார். கடைத் தம்பி ஒன்றும் கேட்கவில்லை. குதிகாலிலிருந்து முழங்காலுக்குப் பின்புறம் வரை டேப்பை ரப்பர் பேண்ட் மாதிரி முழுசாக இழுத்து, முடியோடு சேர்த்து ஒட்டிவிட்டார்.

அன்று ராத்திரியே அரிப்பு. மறுநாள் பார்த்தால் மேல் நுனியில் பட்டாணி அளவுக்குக் கொப்புளம். பிய்க்கலாம் என்று ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கத்தலுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தார். டேப்போடு கால் முடியும் கொத்தாக வந்தது, டேப் மட்டும் பாதிக்கு மேல் வரவில்லை. அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். எனக்கோ அதற்கு மேல் கைவைக்கத் துணிச்சல் இல்லை. பாதி உரிந்த டேப் பின்னால் வாலாகத் தொங்க, அரசாங்க கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே போக மனசே இல்லை என்பதுதான் உண்மை. விடியற்காலையில் நம்பர், பதினொரு மணிக்கு டாக்டர், இரண்டு நிமிஷத்தில் பெனடோல். நமக்குத் தெரிந்த கிளினிக் அதுதானே? நீல ஐசியை (அடையாள அட்டையை) காட்டி ஒரு வெள்ளி கட்டினேன். காத்திருப்பில் மாற்றமில்லை, நாற்காலிகள் மட்டும் புதுசு. டாக்டர் பார்த்துவிட்டு, இன்றைக்கு பிசியோ வந்திருக்கிறார் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, நம்ம பிள்ளை.

"யாரு அங்கிள் இப்படி ஒட்டினது?"

அங்கிள்! சரி, போகட்டும். எண்ணெயைத் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டார். டேப்பை மேலே தூக்காமல், முடி படிந்திருக்கும் பக்கமாகவே மடக்கி, இன்னொரு கையால் தோலை அழுத்திப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக உரித்தார். ஒரு முடிகூட வலிக்கவில்லை. இரண்டு நுனியையும் இழுக்காமல் ஒட்ட வேண்டும், நடுவில்தான் லேசான இழுப்பு, மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வேலை நடந்தது. நுனியை இழுத்து ஒட்டினால் அது தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், கொப்புளம் அதனால்தான் வந்ததாம்.

"அப்போ ஒழுங்கா ஒட்டியிருந்தா கால் சரியாகியிருக்குமா?" என்று கேட்டேன். "வலி கொஞ்சம் கம்மியான மாதிரி இருக்கும் அங்கிள். அவ்ளோதான்."

பிறகு வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அந்தப் பிள்ளை சொன்னதைத்தான் பெரிய பெரிய ஆய்வுகளும் சுற்றி வளைத்துச் சொல்கின்றன. ஜப்பானியர் கென்சோ காசே 1970களில் உருவாக்கிய டேப் இது. பருத்தித் துணி, சூட்டில் பிடிக்கும் அக்ரிலிக் பசை. தோலை லேசாகத் தூக்கி ரத்தமும் நிணநீரும் ஓட வழிவிடும் என்பது அவர் கருத்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெர்ரி வால்ஷின் தோளில் கறுப்பாகத் தெரிந்த பிறகுதான் உலகமெல்லாம் பரவியது. 2014இல் 12 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பேருக்கு ஒட்டிய போலி டேப்பைவிட இது மேல் என்று சொல்ல முடியவில்லை என்றே முடித்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஹாங்காங்கில் செய்து 2015இல் வெளியான ஆய்வு. டேப்பைப் பற்றி எதுவுமே தெரியாத 30 பேரைப் பிடித்து, தசையை அளக்கும் சென்சார் என்று சொல்லித் தொடையில் ஒட்டினார்கள். சரியாக ஒட்டியபோதும், போலியாக ஒட்டியபோதும், ஒட்டாதபோதும் அவர்கள் காலின் பலம் ஒன்றுதான். பலோத்தெல்லி படத்தையும் காட்டியிருந்தால் ஒருவேளை கூடியிருக்குமோ என்னவோ.

பிசியோப் பிள்ளை எனக்கு டேப் ஒட்டவே இல்லை. கெண்டைக்காலை அழுத்திப் பார்த்து, கிழிசல் பெரிதில்லை என்று சொல்லி, அறைவாசல் படியில் நிற்கவைத்தார். இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். வலி குறைந்ததும் ஒற்றைக் காலில். பெர்த் பிசியோ சொல்லிக்கொடுக்கும் அதே பயிற்சி. அங்கே கலர் கலராக ஆப், வீடியோ எல்லாம் வரும். இங்கே பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் குச்சி மனிதன் படம் வரைந்து கொடுத்தார். ஆட்டத்துக்கு மட்டும் கண்டிப்பாக இறங்கக் கூடாது என்றார். கொடி பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றேன். தாமான் பையன்களில் பாதிப் பேர் கால்களில் டேப், வானவில் கலரில். எங்களை நன்றாகவே அடித்தார்கள். டேப்பால் இல்லை, வயசால்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: பிசியோ அந்த கிளினிக்கில் தினமும் இருப்பதில்லை, டாக்டர் அனுப்பினால்தான் பார்ப்பார்கள், ஐசியை மறக்க வேண்டாம். கார் நிறுத்த இடம் கிடைக்காது. எதிர்ச் சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்தினால் கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை, திரும்பும்போது ஒரு தே தாரிக் குடித்துவிட்டால் சரி.