விக்டோரியா கால ஐந்து கல் மோதிரம்: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஐந்து கல் மோதிரங்கள் பழைய நகைக் கடைகளிலும் ஏலங்களிலும் இன்றும் கிடைக்கின்றன. பெரும்பாலும் 18 கேரட் தங்கம். நடுவில் பெரிய கல், இருபுறமும் படிப்படியாகச் சிறுத்துப்போகும் கற்கள், இடுக்கில் பொடி வைரம். இவற்றில் இலங்கை நீலக்கல் பதித்ததுதான் எங்கள் முதல் தேர்வு. வெளிர்நீலம், பட்டைகள் கையால் தீட்டியவை என்பதால் ஒன்றுக்கொன்று லேசாக மாறியிருக்கும். மோதிரத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் கல்லுக்கு அடியில் உளியால் செதுக்கிய சுருள் வேலை தெரியும். அச்சில் வார்த்த புது மோதிரத்தில் அந்தக் கூர்மை வராது.

அழகு முகப்பில் இருந்தாலும் விலை பேசவேண்டியது பின்பக்கத்தைப் பார்த்துத்தான். நூறு வருடம் விரலில் உரசியதில் வளையத்தின் அடிப்பகுதி தேய்ந்திருக்கும். 1 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் சீக்கிரம் வளையும், உடையும். சாம்பல் நிறத்தில் பற்றுத் தெரிந்தால் யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த மோதிரம் வேண்டாம். அடுத்த முறை ஆசாரி நெருப்புக் காட்டும்போது ஈயம் தங்கத்தை அரித்துக் குழியாக்கிவிடும்.

வளையத்தின் உட்புறம் அடித்த தர முத்திரையில் (ஹால்மார்க்) நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்தில் உள்ள எழுத்து வருடத்தைச் சொல்லும். 15 கேரட் முத்திரை 1854 முதல் 1932 வரைதான் இருந்தது. முத்திரையே இல்லையென்றால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கல் பதித்த நகைகள் பலவற்றுக்கு அன்று விலக்கு இருந்தது. முத்திரை இருந்தாலும் அது பின்னால் மாற்றிய வளையத்தில் இருக்கலாம். வாயால் ஊதி ஆவி படரவிட்டால் பற்றவைத்த கோடு தனியாகத் தெரியும்.

அடுத்தது கல். பத்து மடங்கு லென்ஸில் மெல்லிய ஊசி இழைகளும் நேர்கோட்டு நிறப் பட்டைகளும் தெரிந்தால் இயற்கைக் கல். நிறக் கோடுகள் வளைந்து போனாலோ உருண்டையான காற்றுக் குமிழி இருந்தாலோ உலையில் செய்த செயற்கைக் கல். உலை மாணிக்கத்தின் செய்முறை வெளியானது 1902-இல். உலை நீலம் அதற்கும் பிறகு. ஆகவே 1890 முத்திரையுள்ள நீலக்கல் மோதிரத்தில் வளைகோடு தெரிந்தால் கல் மாற்றப்பட்டிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். கண்ணாடி மேல் கார்னெட் என்னும் சிவப்புக் கல்லின் மெல்லிய தகடு ஒட்டிய கல்லும் அந்தக் காலத்திலேயே உண்டு. வெள்ளைத் தாளில் முகம் குப்புற வையுங்கள். நீலக் கல்லைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிந்தால் அதுதான்.

காதருகே வைத்துத் தட்டிப் பாருங்கள். கிடுகிடுத்தால் கல் ஆடுகிறது.

அளவு மாற்றுவதில்தான் பலரும் இந்த மோதிரத்தைக் கெடுக்கிறார்கள். கல் வரிசை வளையத்தில் பாதியை அடைத்திருப்பதால் அதிகம் விரித்தால் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் அகன்று கல் கழன்றுவிடும். எழுத்துகளால் குறிக்கும் ஆங்கில மோதிர அளவில் இரண்டு எழுத்து, அதாவது சுமார் 2.5 மில்லிமீட்டர் சுற்றளவுக்கு மேல் மாற்றவேண்டியிருந்தால் வேறு மோதிரம் தேடுங்கள்.

நீலம், மாணிக்கம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். பின்பக்கம் மூடி, கல்லுக்கு அடியில் பளபளப்புக்கு உலோகத் தகடு வைத்த பழைய மோதிரத்தில் தண்ணீரே படக்கூடாது. தகடு கறுத்துக் கல் செத்துப்போகும். மரகதத்தையும் ஓபலையும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவிடாதீர்கள். ஒட்டிய அரைமுத்து, டர்க்காய்ஸ் மோதிரங்கள் விசேஷங்களுக்கு மட்டும். தினசரி அணிய நீலம்தான் தாங்கும்.